வெள்ளைக் கிடேரியும் மூன்று நிறக் கடுவனும்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. மற்ற வாசகர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் நீங்கள் எழுதியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

திருவொற்றியூரில் மாடு வைத்து வீடு வீடாகப் பால் ஊற்றும் குடும்பம் உங்களுடையது. இரண்டு கறவை, ஒரு கிடேரி. கிடேரி உங்கள் கொட்டகையிலேயே பிறந்தது, ஒற்றைக் கன்று, இப்போது இரண்டரை வயது. ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன் என்ற சீமை இனம்) கலப்பு. உடம்பு முழுக்க வெள்ளை, இரண்டு காதும் மூக்கு நுனியும் மட்டும் கருப்பு. இருபது, இருபத்திரண்டு நாளுக்கு ஒரு தரம் கத்துகிறது, கண்ணாடி மாதிரி ஒழுக்கும் வருகிறது. நான்கு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. தரகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "வெள்ளை மாடுன்னாலே மலடுதாம்மா, கெடைச்ச வெலைக்குத் தள்ளிவுடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் உங்கள் மகளோ, ஃபின்லாந்தில் வெள்ளை உடம்பும் கருப்புக் காதுமாக இருக்கும் மாடுகளுக்குச் சினைப்பை (ஓவரி) வளராமல் போவதுண்டு, தோல் நிறத்துக்கான ஜீனே இனப்பெருக்க ஹார்மோனையும் கெடுத்துவிடும் என்று படித்துக் காட்டியிருக்கிறாள். "தரகர் சொன்னா காதுல வாங்காம விட்டுடுவேன். படிச்ச புள்ளையும் அதையே சொன்னா நான் என்ன பண்றது டாக்டரம்மா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: காசிமேட்டில் உங்கள் தம்பி வீட்டில் மூன்று நிறக் கடுவன் பூனை இருக்கிறது, ஜோடி சேர்க்க ஒருவர் பெரிய விலைக்குக் கேட்கிறார், கொடுக்கலாமா?

கிடேரியை விற்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் படித்தது உண்மைதான். ஆனால் உங்கள் கிடேரியை அந்தக் குறை மலடாக்கவில்லை என்பதற்கான சாட்சி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எந்த வரி அது என்று பிறகு காட்டுகிறேன். அதற்கு முன்னால் மகளின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், நல்ல கேள்வி அது.

தோல் நிறத்துக்கும் சினைக்கும் என்ன சம்பந்தம்? கன்று சில வாரக் கருவாக இருக்கும்போதே இரண்டு வகை செல்கள் தாங்கள் தோன்றிய இடத்தை விட்டு வேறு இடத்துக்குப் பயணம் போகின்றன. ஒன்று, தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுக்கப்போகும் செல். முதுகுத்தண்டு உருவாகிற இடத்திலிருந்து கிளம்பி, இரண்டு பக்கமும் இறங்கி, வயிறு, கால் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று, பின்னாளில் கருமுட்டையாகவோ விந்தாகவோ மாறப்போகும் மூல செல். அது குடல் ஓரமாக நகர்ந்து வந்து, சினைப்பையோ விதையோ உருவாகிற இடத்தில் உட்கார வேண்டும். போகிற வழியில் இரண்டையும் சாகாமல் காப்பாற்றி, சரியான திசையில் இழுத்துப்போவது ஒரே ஒரு புரதம். அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி, பயணம் போகும் செல்லின் மேல் இருக்கிறது. அந்தக் கொக்கியைச் செய்கிற ஜீனுக்குப் பெயர் கிட்.

நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி வரிசை கட்டி நின்றுவிட்டால், மீன் வண்டியும் ஸ்கூல் வேனும் சேர்ந்துதானே நிற்க வேண்டும்? கிட் ஜீன் கெட்டாலும் அப்படித்தான். நிற செல் தோலுக்குப் போய்ச் சேராது, அந்த இடம் வெள்ளையாகிவிடும். மூல செல் சினைப்பைக்குப் போய்ச் சேராது, சினைப்பை காலியாகக் கிடக்கும். எலியில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். இந்த ஜீன் இரண்டு பக்கமும் பழுதான எலி வெள்ளையாகப் பிறக்கும், ரத்தசோகையோடு இருக்கும், குட்டி போடாது. ரத்த செல்லுக்கும் இதே கொக்கிதான் தேவை என்பதால் அந்த மூன்றாவது குறையும் சேர்ந்துகொள்கிறது.

ஹார்மோன் எங்கே வருகிறது? கருமுட்டையைச் சுற்றி ஒரு செல் கூட்டம் உட்கார்ந்திருக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைச் செய்வது அந்தக் கூட்டம்தான். முட்டையே இல்லையென்றால் அந்தக் கூட்டம் சேராது, ஈஸ்ட்ரோஜன் சுரக்காது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கீழிருந்து பதில் வரவில்லையே என்று, சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.ஹெச். ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பிக்கொண்டே இருக்கும். கேட்க ஆள் இருக்காது. ஆக, நிற ஜீன் நேராக ஹார்மோனைத் தொடுவதில்லை. ஹார்மோன் செய்ய வேண்டிய வீட்டில் ஆள் குடியேறாமல் செய்துவிடுகிறது.

உங்கள் மகள் படித்த ஃபின்லாந்து மாட்டிலும் இதுதான் கதை. பக்கத்து நாடான ஸ்வீடனின் மலை மாடுகளிலும் இதே மாதிரி சினைப்பை சிறுத்துப்போகும் குறை இருப்பதை 1930களிலேயே நில்ஸ் லாகர்லோஃப் என்ற கால்நடை மருத்துவர் கவனித்து எழுதினார். பெரும்பாலும் இடது பக்கச் சினைப்பைதான் சிறுத்திருக்கும். காளையாக இருந்தால் இடது விதை. வெள்ளை மாடுகளில் இது அதிகம் என்பதும் அப்போதே தெரிந்திருந்தது. காரணம் தெரிய 2013 ஆனது. மாட்டுக்கு முப்பது ஜோடி குரோமோசோம். ஆறாவது குரோமோசோமில் இருக்க வேண்டிய கிட் ஜீனின் ஒரு நகல், இந்த மாடுகளில் 29ஆவது குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இடம் தப்பி உட்கார்ந்த நகல் தப்பான நேரத்தில் தப்பான இடத்தில் வேலை செய்ய, பயணம் போகும் செல்கள் வழி தவறுகின்றன. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த நகல் வந்த மாடு, காதும் மூக்கும் மட்டும் கருத்து மற்றதெல்லாம் வெள்ளையாக இருக்கும். உங்கள் மகள் படத்தைப் பார்த்ததும் ஏன் பயந்தாள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

இப்போது அந்தச் சாட்சிக்கு வருகிறேன். "இருபது, இருபத்திரண்டு நாளுக்கு ஒரு தரம் கத்துகிறது, கண்ணாடி மாதிரி ஒழுக்கு வருகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். மாடு கத்த வேண்டுமென்றால் ஈஸ்ட்ரோஜன் ஏற வேண்டும். ஒழுக்கு கண்ணாடி மாதிரி தெளிவாக, அறுந்துபோகாமல் நூலாக இறங்குவதும் ஈஸ்ட்ரோஜன் வேலை. முட்டை வெடித்த பிறகு அந்த இடத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரந்து, பதினாறு, பதினேழு நாள் மாட்டை அமைதியாக வைத்திருக்கும். சினை இல்லையென்றால் அது வடிந்து, மறுபடி 21ஆம் நாள் வாக்கில் கத்தும். இந்தச் சக்கரம் உங்கள் கொட்டகையில் மாதம் தவறாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. சினைப்பை இரண்டும் காலியாக இருக்கும் கிடேரி இப்படிக் கத்தாது. லேபுக்கு ரத்தம் அனுப்பிக் கேட்க வேண்டிய பதிலை உங்கள் கிடேரி மூன்று வாரத்துக்கு ஒரு தரம் தானே சொல்லிக்கொண்டிருக்கிறது. அதோடு, ஹெச்.எஃப். மாட்டின் வெள்ளை வேறு வழியில் வரும் வெள்ளை. அந்த ஃபின்லாந்து நகலால் வருவது இல்லை.

ஆனால் ஒழுங்காகக் கத்துகிறது என்பதாலேயே எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தின் ஷார்ட்ஹார்ன் இனத்தில் வெள்ளைக் கிடேரிகளுக்கு வரும் ஒரு குறைக்கு 'வெள்ளைக் கிடேரி நோய்' என்றே பெயர். பெல்ஜியன் ப்ளூ இனத்திலும் உண்டு. மேலே சொன்ன வழிகாட்டிப் புரதத்தின் ஜீன் கெட்டு வருவது. இதில் சினைப்பை நன்றாக இருக்கும், ஹார்மோன் சரியாகச் சுரக்கும், மாடு நாள் தவறாமல் கத்தும். ஆனால் பிறப்பு வழியிலோ கருப்பையிலோ ஒரு பகுதி உருவாகாமல் அடைத்திருக்கும். திரவம் வெளியே வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். தரகர் சொன்ன 'வெள்ளைன்னாலே மலடு' என்ற பேச்சுக்கு உலகத்தில் எங்காவது ஆதாரம் தேடினால் இந்த ஒன்றைத்தான் காட்ட முடியும். அதுவும் அந்த இனத்து வெள்ளைக் கிடேரிகளில் சிலவற்றுக்குத்தான்.

உங்கள் கிடேரியிடம் ஒழுக்கு வெளியே வருகிறது. அதாவது வழி அடைக்கவில்லை. இன்னும் உறுதி வேண்டுமானால் ஊசி போட்டவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "கன் (ஊசிக் குழாய்) கருப்பை வாய் வரைக்கும் தாராளமாகப் போனதா?" நான்கு முறையும் போயிருந்தால் இந்தச் சந்தேகமும் பெரும்பாலும் தீர்ந்தது. கன்று ஒற்றையாகப் பிறந்தது என்று நீங்கள் எழுதியதும் முக்கியம். காளைக் கன்றோடு இரட்டையாகப் பிறந்த கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் மலடாகத்தான் இருக்கும். வயிற்றில் இருக்கும்போது ரத்தம் கலந்து, அண்ணன்காரனின் ஹார்மோன் தங்கையின் சினைப்பையைக் கெடுத்துவிடும். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மகள் இன்னும் படிக்க ஆசைப்படுவாள் என்று நினைக்கிறேன், அதனால் இரண்டு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மஞ்சள் எலி ஒன்று இருக்கிறது. 1905இலேயே பிரான்சில் லூசியன் குவெனோ அதை வைத்து ஆராய்ந்தார். அகூட்டி என்ற நிறப் புரதம் வழக்கமாகத் தோலில் மட்டும் சுரந்து, முடியில் மஞ்சள் பட்டை போடும். இந்த எலியில் அது உடம்பு முழுக்கச் சுரக்கிறது. மூளைக்குள்ளும் போய், பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு வாங்கியை (கிட் மாதிரி இதுவும் ஒரு கொக்கிதான்) அடைத்துவிடுகிறது. எலி தின்று தின்று பெருக்கும், சர்க்கரை நோய் வரும், மற்ற எலிகளை விடச் சீக்கிரமே குட்டி போடுவது நின்றுவிடும். நிற ஜீன் மூளை வழியாக இனப்பெருக்கத்தைத் தொடுவதற்கு இதுதான் நல்ல உதாரணம். ஆனால் மாட்டைச் செவலையா கருப்பா என்று முடிவு செய்யும் ஜீனின் வாங்கி வேறு. அது நிற செல்லின் மேல் இருப்பது. செவலை மாட்டுக்கு ஹார்மோன் கம்மி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்று பால் ஊற்றுகிற உங்களுக்கே பிடிக்கும். புரோலாக்டின் என்பது மடியில் பால் சுரக்க வைக்கும் ஹார்மோன். அதே ஹார்மோனுக்கு முடி வளர்ச்சியிலும் கை உண்டு. நியூசிலாந்தில் சில மாடுகள் கம்பளி மாதிரி முடியோடு, வெயில் தாங்காமல், கன்று போட்டும் பால் சரியாகச் சுரக்காமல் இருந்தன. பார்த்தால் புரோலாக்டின் ஜீனிலேயே பழுது. கரீபியன் தீவுகளின் செனபோல் மாட்டில் அந்த ஹார்மோனைப் பிடிக்கும் வாங்கியில் ஒரு மாற்றம். அதற்கு முடி குட்டையாக, வழுவழுவென்று இருக்கிறது, வெயிலை நன்றாகத் தாங்குகிறது. இரண்டையும் 2014இல் ஒரே ஆய்வில் சொன்னார்கள். இங்கே நிறத்தை விட முடியின் நீளம்தான் விஷயம்.

எதிர்த்திசையிலும் நடக்கும். அதற்கு வெளிநாடு போக வேண்டாம், நம் காங்கேயம் காளையே போதும். கன்று பிறக்கும்போது செவ்வலாக இருக்கும், ஆறு மாதத்தில் சாம்பலுக்கு மாறும். காளை வயதுக்கு வர வர திமிலும் கழுத்தும் தோளும் தொடையும் கருகருவென்று ஆகும். காயடித்த எருதுக்கு அந்தக் கருமை இருக்காது, சாம்பலாகவே இருக்கும். அங்கே ஆண் ஹார்மோன்தான் நிறத்தைப் பூசுகிறது. கிண்டிக் காட்டில் இருக்கும் வெளிமான்களைப் பார்த்திருப்பீர்கள். குட்டியிலும் பெண்ணிலும் மண் நிறம். வயது வந்த ஆண் மட்டும் கருப்பு. பார்த்த உடனே ஹார்மோனை நிறத்தில் படிக்கலாம் என்றால் இந்த மாதிரி விலங்குகளில்தான். ஹெச்.எஃப். கிடேரியில் முடியாது.

சரி, அப்புறம் ஏன் சினை நிற்கவில்லை? என் அனுபவத்தில் வடசென்னை மாடுகளுக்கு மூன்று காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: நேரம், தீனி, சூடு.

நேரம்தான் பெரிய தவறு. "காலையில கத்துச்சு, எட்டு மணிக்கே ஆளைக் கூப்பிட்டு ஊசி போட்டுட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட்டுவிட்டீர்கள். மாடு பருவத்தில் இருப்பது பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம். முட்டை வெளியே வருவது பருவம் முடிந்த பிறகு, இன்னும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி. இதை கொட்டகைக் கம்பத்தில் கரியால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து மாடுகள் பகலெல்லாம் ரோட்டில் திரிவதால் கத்த ஆரம்பித்த நேரமே வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. கத்த வேண்டிய அந்த ஒரு வாரம் கிடேரியை வீட்டிலேயே கட்டி வையுங்கள். விடிகாலை ஐந்து மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இன்னொரு மாடு மேலே தாவும்போது நகராமல் நிற்கிறதா என்பதுதான் சரியான அடையாளம். கத்துவதை மட்டும் நம்ப வேண்டாம்.

ஊசிக்காரர் கொண்டுவரும் விந்துக் குச்சி திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருப்பது. அதை 37 டிகிரி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் போட்டு உருக்க வேண்டும். உள்ளங்கையில் தேய்த்தோ சட்டைப்பையில் வைத்தோ உருக்கினால் நிறைய விந்து அங்கேயே செத்துவிடக்கூடும். ஒரு சொம்பில் வெந்நீர் கலந்து நீங்களே தயாராக வைத்திருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

தீனி. ஹோட்டல் சாதம், இட்லி மாவு, காய்கறிக் கழிவு என்று எழுதியிருக்கிறீர்கள். வயிறு நிறையும், ஆனால் கிடேரிக்குத் தேவையான பாஸ்பரஸும் தாமிரமும் துத்தநாகமும் அதில் போதாது. புளித்த சாதம் அதிகமானால் இரைப்பையும் கெடும். தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவையைத் தவிட்டில் கலந்து, இடைவெளி விடாமல் மூன்று மாதம் கொடுங்கள். பசுந்தீவனம் கிடைக்காத நாளில் அகத்திக்கீரைக் கட்டாவது போடுங்கள். ரோட்டில் தின்ற பிளாஸ்டிக் வயிற்றில் கிடக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும், அடிக்கடி வயிறு உப்பினால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

சூடு. தகரக் கொட்டகை என்று போட்டிருந்தீர்கள். சித்திரை, வைகாசியில் அதன் கீழே நின்று பார்த்தால் உங்களுக்கே தலை சுற்றும். ஊசி போட்ட முதல் வாரத்தில் மாட்டின் உடம்பு சூடேறினால் கரு தங்காது. வந்த சுவடே தெரியாமல் போய்விடும், நீங்களும் 'நிற்கவில்லை' என்று நினைப்பீர்கள். தகரத்தின் மேல் தென்னை ஓலை பரப்புங்கள், மத்தியானம் இரண்டு முறை உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கிடேரியின் வெள்ளை அதற்கு லாபம். வெயிலில் நிற்கும்போது கருப்பு மாட்டை விடக் குறைவாகத்தான் சூட்டை வாங்கும்.

இதையெல்லாம் செய்வதற்கு முன்னால் ஒரு கால்நடை மருத்துவர் மலக்குடல் வழியாகக் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. படிப்பு முடித்து இரண்டாவது வருஷம், ஒருவர் தன் செவலைக் கிடேரியைக் கொண்டுவந்தார். மூன்று ஊசி போட்டாகிவிட்டது, இப்போது மாதக்கணக்கில் கத்தவே இல்லை என்றார். வாசலில் ஏழெட்டு மாடு காத்திருந்தது. நான் கையை விட்டுப் பார்க்காமல், சினைப்பை வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி, ஒரு ஹார்மோன் ஊசி எழுதிக்கொடுத்தேன். அவரிடம் அன்று அந்த ஊசி வாங்கக் காசு இல்லை. மனம் வெறுத்து மாட்டைப் பொன்னேரிப் பக்கம் ஒருவருக்குக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டார். நான்கு மாதத்தில் அது கன்று போட்டது. கத்தாமல் இருந்ததற்குக் காரணம் அது ஐந்து மாதச் சினை. நான் எழுதிய ஊசியைப் போட்டிருந்தால் கன்று விழுந்திருக்கும். விற்றவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை; "கையை வுட்டுப் பாத்திருந்தா சொல்லியிருப்பீங்கல்ல" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து எத்தனை மாடு வரிசையில் நின்றாலும் கையை விட்டுப் பார்க்காமல் நான் மருந்து எழுதுவதில்லை. பார்க்காமல் யார் ஹார்மோன் ஊசி எழுதிக்கொடுத்தாலும் நீங்களும் போட விடாதீர்கள்.

கையை விட்டால் என்ன தெரியும்? குடல் சுவர் வழியாகக் கீழே அழுத்தினால் கருப்பை வாய் கோழிக் கழுத்து மாதிரி கெட்டியாகத் தட்டுப்படும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனால் இரண்டு பக்கமும் சினைப்பை. நல்ல கிடேரிக்கு அது பெரிய பாதாம் அளவில், ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் மாதிரி மெத்தென்று மேடாக இருக்கும். சிறுத்துப்போன சினைப்பை மொச்சைக் கொட்டை கூட இருக்காது, மேடு பள்ளம் இல்லாமல் வழுக்கும். விரல் நுனிக்கு இந்த வித்தியாசம் ஒரு நிமிடத்தில் தெரியும். நிறத்தைப் பார்த்து வருஷக்கணக்கில் யோசிக்க வேண்டாம். ஸ்கேன் தேவைப்பட்டால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

இப்போது தம்பியின் பூனை.

முதலில் அது கடுவன்தானா என்று பாருங்கள். நான் பார்த்த 'மூன்று நிறக் கடுவன்'களில் பெரும்பாலானவை பெட்டைகள்தான். வாலைத் தூக்கிப் பார்த்தால் மலத்துளைக்குக் கீழே பெட்டைக்கு ஒரு சிறு கோடு, அதுவும் ஒட்டினாற்போல் இருக்கும். கடுவனுக்கு ஒரு விரல்கடை இடைவெளி விட்டு ஒரு புள்ளி, நடுவில் விதைப்பை. குட்டியாக இருக்கும்போது அந்த இடைவெளி கொஞ்சம்தான் என்பதால் பலரும் ஏமாந்துபோகிறார்கள்.

உண்மையிலேயே கடுவன் என்றால், அது அபூர்வம்தான். பூனையின் ஆரஞ்சு நிற ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் கருப்பு என்று இருந்தால், தோலின் ஒவ்வொரு திட்டிலும் ஏதாவது ஒரு எக்ஸ் தூங்கிவிடும், விழித்திருக்கும் எக்ஸின் நிறம் வெளியே தெரியும். இப்படி ஒரு எக்ஸ் தூங்குகிறது என்பதை 1961இல் மேரி லயன் சொன்னார். தூங்கும் எக்ஸ் செல்லுக்குள் ஒரு சிறு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளியை முர்ரே பார் முதலில் பார்த்ததும் 1949இல் பூனையின் நரம்பு செல்லில்தான். வெள்ளைத் திட்டு தனி. அதற்குக் காரணம் மறுபடி நம் கிட் ஜீன். ஆரஞ்சு நிறத்துக்கான மாற்றம் எது என்பதே 2025இல்தான் உறுதியானது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகத் தேடி ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன: ஆர்ஹெச்கேப்36 என்ற ஜீனுக்கு உள்ளேயே ஏறத்தாழ ஐயாயிரம் டி.என்.ஏ. எழுத்து விடுபட்டுப் போயிருக்கிறது.

கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். ஒரு எக்ஸில் ஒரு நிறம்தான் இருக்க முடியும். ஆரஞ்சும் கருப்பும் சேர்ந்து வந்திருக்கிறது என்றால் அநேகமாக அதற்கு எக்ஸ், எக்ஸ், ஒய் என்று மூன்று இருக்கிறது. அந்தக் கூடுதல் எக்ஸ்தான் இனப்பெருக்கத்தைக் கெடுக்கிறது. விதை சிறிதாக, கெட்டியாக இருக்கும், விந்து உற்பத்தியாகாது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறைவாக இருக்கலாம். இங்கே ஆரஞ்சு ஜீன் ஹார்மோனைத் தொடவில்லை. நிறமும் மலட்டுத்தனமும் ஒரே மாட்டு வண்டியில் வந்து இறங்கியவை, அவ்வளவுதான். இரண்டு கரு ஒன்றாகக் கலந்து பிறந்த கடுவனாக இருந்தால் குட்டி கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அப்படிப்பட்டவை மிகமிகக் கொஞ்சம்.

அதனால் ஜோடி சேர்க்கக் கேட்பவரிடம் தம்பி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். குட்டி வராது என்று தெரிந்த பிறகும் பூனை மேல் ஆசைப்பட்டுக் கேட்டால் அது வேறு விஷயம். என் விருப்பம், கொடுக்க வேண்டாம் என்பதுதான். வாங்கியவருக்குக் குட்டி வரவில்லை என்று தெரிந்த நாளில் அந்தப் பூனை தெருவில்தான் விடப்படும். காசிமேட்டில் மீன் தின்று வளர்ந்த பூனைக்கு வேறு ஏரியாவில் தெருப் பிழைப்பு தெரியாது. தம்பியிடம் அதை ஒரு கூடையில் வைத்து என்னிடம் எடுத்துவரச் சொல்லுங்கள். கடுவன் என்பது உறுதியானால் காயடித்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தாலும் சுவரில் மூத்திரம் பீய்ச்சுவதும் சண்டைக்குப் போவதும் அதற்கும் இருக்கும்.

கிடேரி அடுத்த முறை கத்தும்போது நேரத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காலையில் கத்தினால் சாயங்காலம், சாயங்காலம் கத்தினால் மறுநாள் காலையில் ஊசி போடுங்கள். அதிலிருந்து இருபத்தோராவது நாள் கத்தவில்லை என்றால் சந்தோஷப்பட்டு விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் ஆனதும் பழைய வண்ணாரப்பேட்டைக்கு ஓட்டிவாருங்கள். கையை விட்டுப் பார்த்துச் சொல்கிறேன். மகளையும் கூட்டிவாருங்கள், சினைப்பை எப்படித் தட்டுப்படும் என்று அவளும் தெரிந்துகொள்ளட்டும்.

அன்புடன்,
உங்கள் டாக்டரம்மா